ஆளில்லாத மதுரையைப் பிடித்த துரை

மதுரைப் புதுமண்டபத்தில் ஈ காக்கை இல்லை என்று யாராவது சொன்னால் அவரை மாட்டுத்தாவணியிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவோம். தையல் மிஷின், பித்தளைக் குத்துவிளக்கு, சாமிக்குச் சாத்தும் பாவாடை, வளையல், பஞ்சாங்கம், பழைய பாடப்புத்தகம் என்று ஒரு ஊருக்கு வேண்டிய சகலமும் ஒரே கூரைக்கு அடியில் விற்ற இடம் அது. அந்தக் கடைகளை வேறிடத்துக்கு மாற்ற எத்தனை காலம் பிடித்தது என்பது மதுரைக்கே தெரியும். ஆனால் 1858-இல் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. இரண்டு பக்கமும் திருமலை நாயக்கர் நிறுத்திய தூண்கள், நடுவில் நீண்ட பாதை. மனுஷப் பூண்டே கிடையாது.

கொள்ளைநோயும் இல்லை, ஊரடங்கும் இல்லை. அந்தக் காலத்துக் கேமரா மகா சோம்பேறி, அவ்வளவுதான். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் அதன் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் எதிரே போனவர், வந்தவர், நின்று வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்தவர் ஒருவரும் காகிதத்தில் ஒட்டமாட்டார்கள். ஒட்ட வேண்டுமென்றால் அசையாமல் நிற்க வேண்டும். மதுரைக்காரனுக்கு அன்றைக்கும் வேறு வேலை இருந்தது. ஆகவே கல் மட்டும் பதிந்தது. இன்று கோயிலுக்குப் போய் ‘ஆள் இல்லாமல் ஒரு படம் எடுத்துடறேன், கொஞ்சம் தள்ளிக்கங்க’ என்று குடும்பம் குடும்பமாக விரட்டுகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய கருவி.

படமெடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மதுரையில் கேப்டன் என்றால் வேறொருவர் முகம்தான் மனசில் வரும். அவர் கண் சிவப்பார், இவர் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். இவர் கிழக்கிந்தியக் கும்பினிப் பட்டாளத்துக் கேப்டன். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில், பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்பதாவதாகப் பிறந்தவர். ஒன்பதாவது பிள்ளைக்கு அந்தக் காலத்து இங்கிலாந்தில் சொத்தில் என்ன மிஞ்சும்? இந்தியாதான் மிஞ்சும். மீசை முளைக்கிற வயதில் மதராஸ் பட்டாளத்தில் சேர்த்துக் கப்பலேற்றிவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் மற்ற ஆபீசர்களைப் போலத்தான் அவரும் வெயிலைத் திட்டிக்கொண்டு அணிவகுப்பு நடத்தியிருப்பார். 1850-களின் தொடக்கத்தில் நீண்ட லீவில் ஊருக்குப் போனார். அப்படிப் போகிற ஆபீசர்கள் வழக்கமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்புவார்கள். இவர் கேமரா வாங்கிக்கொண்டு திரும்பினார். லண்டனில் 1853-இல் புதிதாகத் தொடங்கிய போட்டோகிராபிக் சொசைட்டியில் உறுப்பினராகவும் சேர்ந்துகொண்டார். இது ஒரு தொற்று. ஒருமுறை பிடித்தால் விடாது என்பதை, எல்லோருடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கும் அந்த ஒரு சித்தப்பா நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்ததும் 1854 டிசம்பரில் இன்னொரு லீவு போட்டார். ஒரு டாக்டர் நண்பரைக் கூட்டிக்கொண்டு மைசூர் சீமையில் பேலூரும் ஹளேபீடும் போய் ஹொய்சளர் கோயில்களைப் படமாகப் பிடித்துக் குவித்தார். அடுத்த வருஷம் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைத்தார்; முதல் வகுப்புப் பதக்கம் கொடுத்தார்கள். லீவில் செய்கிற வேலைக்கு மெடல் கிடைத்தால் எந்த அரசு ஊழியனுக்கும் உடனே தோன்றுகிற யோசனை அவருக்கும் தோன்றியது: இதையே டியூட்டியாக மாற்றிக்கொண்டால் என்ன?

வாய்ப்பு பர்மாவிலிருந்து வந்தது. 1852-இல் கும்பினியார் பர்மாவோடு இரண்டாம் முறையாகச் சண்டை போட்டுப் பெகு என்ற தென்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்ததுதான் எடுத்தார்கள், சும்மா இருந்திருக்கலாம். பறிகொடுத்தவரே ‘மனமுவந்து கொடுத்தேன்’ என்று பத்திரத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி நினைத்தார். 1855 ஆகஸ்டில் ஆர்தர் ஃபேர் என்பவர் தலைமையில் ஒரு தூதுக்குழு ஐராவதி ஆற்றில் நீராவிக் கப்பலேறியது. எழுதுவதற்கு ஹென்றி யூல், வரைவதற்கு கோல்ஸ்வொர்தி கிராண்ட், போட்டோ பிடிப்பதற்கு ட்ரைப். கையெழுத்து வாங்கப் போகிறவர்களுக்கு இத்தனை பேர் எதற்கு என்று கேட்கக்கூடாது. கல்யாணத்துக்கு வீடியோக்காரர் எதற்கு?

அமரபுரத்தில் மிண்டான் மன்னர் அரியணையில் இருந்தார். அண்ணன் முறையானவரைத் தள்ளிவிட்டு 1853-இல் பட்டத்துக்கு வந்தவர். ஆனால் பரம சாது, பௌத்த பக்தர். சபைக்குள் போகும்போது தூதுக்குழு பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். உலகத்தில் பாதியைப் பூட்ஸோடு மிதித்துக்கொண்டிருந்தவர்கள் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். (இந்தச் செருப்பு விவகாரம் இருபது வருஷத்துக்குப் பிறகு ராஜாங்கப் பிரச்சினையாகவே வெடித்தது, பிரிட்டிஷ் பிரதிநிதி இனிக் கழற்றமாட்டேன் என்று விறைத்துக்கொண்டு அரண்மனைப் பக்கமே போகாமல் இருந்தார். ஏதோ ஒரு சின்னக் கோயில் வாசலில் நாமெல்லாம் எத்தனை சுலபமாகச் செருப்பை விட்டுவிட்டு, திரும்பி வரும்போது அதைக் காணாமல் திகைக்கிறோம்!) மிண்டான் வந்தவர்களை மரியாதையாகக் கவனித்தார். விருந்து உண்டு, விடிய விடிய நாடகம் உண்டு, பேச்சு உண்டு. கையெழுத்து மட்டும் கிடையாது. தூதுக்குழு எந்த வேலைக்காகப் போனதோ அது நடக்கவில்லை. போட்டோகிராபர் வேலை மட்டும் நடந்தது.

அதுவும் லேசில் நடக்கவில்லை. பர்மாவின் மழைக்காலத்தில் காகித நெகட்டிவ் வைத்துக்கொண்டு படமெடுக்கக் கிளம்புவது எப்பேர்ப்பட்ட யோசனை! ஃபாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேயர் 1841-இல் காப்புரிமை வாங்கிய முறை அது. நல்ல காகிதத்தில் வெள்ளி உப்பைப் பூசி, கேமராவுக்குள் வைத்து, பிறகு மருந்தில் அலசி நெகட்டிவாக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தாலும் கோளாறு, தண்ணீரில் வண்டல் இருந்தாலும் கோளாறு, ஐராவதி தண்ணீரோ வண்டலுக்குப் பேர்போனது. போதாததற்கு அந்தக் காகிதத்துக்கு ஒரு வியாதி உண்டு. நீல நிறத்தைக் கண்டால் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்பட்டுவிடும். கோயில் பதிகிற நேரத்துக்குள் வானம் வெந்து, வெறும் வெள்ளைத் திட்டாகப் போய்விடும்.

ட்ரைப் என்ன செய்தார் என்றால், மேகத்தைக் கையால் வரைந்தார். தூரிகையும் சாயமும் எடுத்து நெகட்டிவ் மேலேயே பொதி பொதியாக மேகங்களைப் போட்டார். காற்றில் ஆடிக் கலங்கிப்போன மரங்களுக்கு இலையும் வைத்தார். ஆனந்தா கோயிலுக்கு மேலே, மிங்குன் பகோடாவுக்குப் பின்னால், அமரபுரத்து மடாலயங்களின் உச்சியில் கேப்டன் கைவண்ணத்தில் மேகங்கள் மிதந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் படமெடுத்தது அசல் மழைக்காலத்தில். தலைக்கு மேலே நிஜமான மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. அது கேமராவில் விழாமல் அவர் தலைமேல் விழுந்தது. சாயந்தரம் ஈரம் உலர்த்திக்கொண்டு பொய்மேகம் எழுதியிருப்பார். இன்றைக்கு ஃபோனில் ஒரு பொத்தானை அழுத்தி வானத்தை மாற்றுகிறவர்களை ‘இதெல்லாம் ஒரு போட்டோவா’ என்று கரித்துக்கொட்டும் பெரியவர்கள் தங்கள் கோபத்தை 1855-இலிருந்து தொடங்கினால் நியாயமாக இருக்கும்.

மிங்குன் பகோடாவைச் சொன்னேன். போதோபயா என்ற மன்னர் உலகத்திலேயே பெரிய பகோடா கட்டுகிறேன் என்று 1790-இல் தொடங்கி, மூன்றில் ஒரு பங்கில் நின்றுபோன செங்கல் மலை. 1839-இல் வந்த பூகம்பம் அதை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டுப் போனது. ட்ரைப்புக்கு இது ஆதர்சமான மாடல்: பெரிசு, பழசு, அசையாது. இரங்கூனில் ஷ்வேதகோன். அந்தக் கோயிலை 1852 முதல் கும்பினிச் சிப்பாய்கள் கோட்டையாக்கிக்கொண்டு குந்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய சண்டையில் வந்தவர்கள் அங்கிருந்த பெரிய வெண்கல மணியைக் கல்கத்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்து ஆற்றில் போட்டுவிட்டார்கள். இருபது டன்னுக்கு மேல் கனம். எஞ்சினீயர்கள் எவ்வளவு முக்கியும் வரவில்லை. ‘உங்களால் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பர்மாக்காரர்கள் மூங்கிலைக் கட்டி மிதக்கவிட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் மாட்டிவிட்டார்கள். அந்த வரலாற்றோடு ஒப்பிட்டால் ட்ரைப் உத்தமர். அவர் எடுத்தது எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஊர் திரும்பி பெங்களூரில் உட்கார்ந்து பிரின்ட் போடத் தொடங்கினார். 120 படங்கள், 50 செட். பெருக்கிப் பாருங்கள், ஆறாயிரம். ஒவ்வொன்றையும் நெகட்டிவோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காயப்போட்டு, அலசி, நிறமேற்றி, உலர்த்தி, ஒட்ட வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப்போகும், எத்தனை தேய்த்தாலும் போகாது. பெங்களூர்க் கன்டோன்மென்ட்டின் டின்னர் மேஜைகளில் கேப்டன் ட்ரைப் கையுறை கழற்றும் தருணத்தை நினைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

இதற்குள் சென்னை அரசாங்கத்துக்கும் ஆசை வந்துவிட்டது. ராஜதானியில் உள்ள பழைய கோயில், கோட்டை, அரண்மனை எல்லாம் நாளுக்கு நாள் சிதிலமாகின்றன. மொத்தமாகப் போவதற்குள் படமாவது பிடித்து வைத்துவிட வேண்டும். இடிகிற கட்டடத்துக்கு ஒரு கொத்தனாரும் நாலு மூட்டைச் சுண்ணாம்பும் போதுமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கொத்தனாரை அனுப்பினால் கட்டடம் நிற்பதோடு சரி, மேலிடத்துக்கு அனுப்ப ஆல்பம் கிடைக்காது. ட்ரைப் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர் ஆனார்.

ஆன நேரம் எப்படிப்பட்ட நேரம்? 1857. மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் கிளம்பினார்கள். வட நாடு முழுக்க நெருப்பு. கும்பினியின் ஆயுசே இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகள் கிளம்பின. பீரங்கி ஏற்றிக்கொண்டு லக்னோவுக்கா? இல்லை, கேமரா ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டைக்கு. டெல்லியில் பகதூர் ஷாவைக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் நம் கேப்டன் திருச்சி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் மதுரையையும் குறிவைத்துக்கொண்டிருந்தார். தன் சாம்ராஜ்யம் தீப்பற்றி எரிகையில் கோபுரத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது என்று கவலைப்படுகிற மனுஷனை என்னால் வெறுக்க முடியவில்லை.

வண்டிகளில் என்ன இருந்தது? படத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லாம் அன்று நடைமுறையில் கிடையாது. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ், அதற்குத் தக்க பெரிய கேமரா. ட்ரைப்பின் படங்கள் ஒரு அடிக்கு மேல் அகலம். அப்படியானால் பெட்டியின் சைஸை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதோடு மருந்துச் சீசாக்கள், தட்டுகள், கட்டுக் கட்டாகக் காகிதம், இருட்டறைக்குக் கூடாரம். தை, மாசி, பங்குனி என்று வெயில் ஏற ஏறப் பயணம். இந்த மூட்டைமுடிச்சைக் கோயில் வாசலில் இறக்கியபோது என்ன நடந்திருக்கும்? எந்த ஆவணத்திலும் இல்லாத, ஆனால் நடந்தே தீர்ந்திருக்க வேண்டிய உரையாடல் ஒன்று:

“ஏண்டாப்பா, துரை அந்தக் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுண்டு என்ன பண்றார்?”

“கோபுரத்தப் புடிக்கிறார் சாமி.”

“புடிச்சு?”

“காயிதத்துல ஏத்துவாராம். சீமைக்கு அனுப்புவாராம்.”

“அப்போ கோபுரம்?”

“இங்கனயேதான் இருக்கும்.”

“இங்கயே இருக்கறத எதுக்குடா அங்க அனுப்பணும்?”

“எனக்கென்ன தெரியும் சாமி. நான் பெட்டி தூக்குறவன். துரை தல உள்ள இருக்கையில கோபுரத்துக்கு எதிர்ல யாரும் நிக்கப்படாதுன்னாக. நீங்க நிக்கிறீக.”

“நான் நாப்பது வருஷமா இங்கதாண்டா நிக்கறேன்.”

பட்டர் நின்றாரோ நகர்ந்தாரோ, படத்தில் இல்லை. சன்னிதிக்குள்ளும் துரையின் கேமரா போகவில்லை. பிராகாரம், மண்டபம், கோபுரம், குளம் என்று வெளிச்சுற்றிலேயே நின்றுகொண்டது. கோயில் நகைகளைப் பரப்பி வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார். கும்பினியாருக்கு முன்னால் நகையைப் பரப்பி வைக்கிற தைரியம் அந்தக் காலத்தில் யாருக்கு வந்ததோ! எடுத்தது படம் மட்டும்தான் என்பதில் மீனாட்சியின் மகிமை தெரிகிறது.

அவர் மதுரைக்குப் போனபோது வடக்குக் கோபுரம் நிஜமாகவே மொட்டைக் கோபுரம். நாட்டுக்கோட்டை நகரத்தார் அதை முடித்துக்கொடுத்தது பிற்பாடு. புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம், திருமலை நாயக்கர் பெரிதாக ஆரம்பித்து அடியோடு நிறுத்தியது; இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது. நாயக்கர் மஹால் பாழடைந்து கிடந்தது. பேரன் சொக்கநாத நாயக்கர் தாத்தாவின் அரண்மனையைப் பிய்த்துத் திருச்சிக்கு எடுத்துப்போனார் என்று சொல்வார்கள். மிச்சத்தைப் பழுதுபார்த்தது ட்ரைப்புக்கு ஏழெட்டு வருஷம் கழித்து கவர்னராக வந்த நேப்பியர். ட்ரைப் பார்த்தது வளைவுகளும் இடிபாடுகளும்தான். அவருக்கு அது பரமசந்தோஷம். முழுசாக நிற்கும் கட்டடத்தைவிட விழப்போகும் கட்டடம்தான் போட்டோவுக்கு லட்சணம், இது எந்த நாட்டுப் போட்டோகிராபரைக் கேட்டாலும் சொல்வார்.

இத்தனை சிற்பமும் சிகரமும் எடுத்துக்கொண்டிருந்தவர் நடுவே ஒரு விளக்குக் கம்பத்தையும் எடுத்தார். மதுரைக்காரர்கள் ஜவுளி எடுக்கப் போகும் அதே விளக்குத்தூண்தான். அது கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. யார் பிளாக்பர்ன்? மதுரையைச் சுற்றியிருந்த நாயக்கர் கோட்டை மதிலை இடித்தவர். சர்க்கார் பணத்தில் இடித்தால் கேள்வி வரும் என்று, மதிலை இடித்து அகழியைத் தூர்த்துக்கொடுக்கிறவனுக்கே அந்த நிலம் என்று தண்டோரா போட்டார். ஊரே கடப்பாரையோடு வந்து இடித்துக் கொடுத்தது. நன்றிக்கடனாக அவருக்கு ஒரு விளக்கு. பழைய கட்டடங்கள் அழிகின்றனவே என்று பதறிப் படமெடுக்க வந்த அரசாங்கப் போட்டோகிராபர், இருந்ததிலேயே பெரிய பழைய கட்டடத்தை இடித்த அரசாங்க அதிகாரியின் நினைவுச் சின்னத்தைப் பயபக்தியோடு படமெடுத்துக்கொண்டு போனார். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் ‘ரொம்ப ஓவர்’ என்று வெட்டியிருப்பார்.

புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர். அங்கே அரண்மனை துக்கத்தில் இருந்தது. மராட்டிய ராஜா இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கும்பினி ராஜ்யத்தோடு ராஜாவின் சொந்தச் சொத்தையும் வாரிச் சுருட்டியது. ராணி கேஸ் போட்டிருந்தார். ட்ரைப் வந்தபோது வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1859-இல் லண்டனில் கும்பினி பக்கம் தீர்ப்பானது. இந்தச் சந்தடியில் ஒரு துரை கறுப்புத் துணியோடு வந்து இறங்கினால் ‘இன்னும் என்னடா மிச்சம், ஜப்தி லிஸ்ட்டா?’ என்று ஊர் முணுமுணுத்திருக்கும்.

பெரிய கோயிலில்தான் கேப்டனுக்குக் கிறுக்கு உச்சிக்குப் போனது. விமானம், நந்தி, சுப்பிரமணியர் சன்னிதி எல்லாம் எடுத்துவிட்டார். எல்லோரும் எடுப்பதுதானே. பிறகு குனிந்து பார்த்தார். விமானத்தின் அடித்தளத்தில் கல்லில் எழுத்து. வரி வரியாக, சுற்றிச் சுற்றி, முடிவில்லாமல் எழுத்து. ஒரு சாதாரண மனுஷன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு போயிருப்பான். இவர் கேமராவைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். கொஞ்சம் நகர்த்தி அடுத்தது. மறுபடி நகர்த்தி அடுத்தது. மொத்தம் 21 படங்கள். எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளத்துக்குச் சுருளாக வந்தது. இன்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகச் சுழன்றால் வரும் பனோரமா. கேப்டன் சுழன்றது பங்குனி வெயிலில், பெட்டியோடு, வெறும் காகிதத்தில்.

அவருக்கு அதில் ஒரு வரியாவது புரிந்ததா? அதில்தான் எனக்கு அவர்மேல் பிரியம் கூடுகிறது. தான் படிக்காத ஒன்றை 19 அடி நீளத்துக்குப் பிரதியெடுத்து, படிக்கத் தெரிந்தவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாலு பக்கமும் அனுப்பினார். தமிழில் அனுப்பப்பட்ட முதல் ஃபார்வர்டு இதுவாகத்தான் இருக்கும். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அன்று உள்ளூரிலேயே அந்தக் கோயிலை யார் கட்டியது என்பதில் குழப்பம். கரிகாலன் என்றார்கள், காடுவெட்டிச் சோழன் என்றார்கள், குஷ்டம் தீர்ந்ததற்காக ஒரு சோழன் கட்டினான் என்று தலபுராணம் பாடினார்கள். ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக வந்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான், ராஜராஜன் தன் பெயரைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறான் என்பது தெரிந்தது. எண்ணூறு ஆண்டுக்கு மேலாக நெற்றியில் விலாசம் ஒட்டிக்கொண்டு நின்ற வீட்டின் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவன் எழுதியதும் லேசுப்பட்டதல்ல. தான் கொடுத்தது, அக்காள் குந்தவை கொடுத்தது, ராணிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது அத்தனைக்கும் கணக்கு. நகை என்றால் சும்மா நகை இல்லை. முத்து எத்தனை, அதில் எந்த ரகம், சரடும் சட்டமும் அரக்கும் சேர்த்து எடை எவ்வளவு. ஆடிட்டர் வந்து நின்றாலும் மறுபேச்சுப் பேச முடியாது. விளக்குக்கு நெய் வேண்டுமா, அதற்கு ஆடு எத்தனை என்பது வரை கல்லில் வெட்டியாயிற்று. கும்பினியின் கணக்குப் பிள்ளைகள் காகிதத்தில் எழுதிய பேரேடுகளைக் கரையான் அரித்துக்கொண்டிருந்த ஊரில், கரையானால் தொடமுடியாத ஒரு பேரேட்டின் எதிரில்தான் நம் கேப்டன் கேமராவை நிறுத்தியிருந்தார்.

ஏப்ரல் முடிவில் சென்னை வந்து சேர்ந்தார். வந்தவரை உட்காரவிடவில்லை. அமராவதி ஸ்தூபத்திலிருந்து வால்டர் எலியட் என்ற சிவில் அதிகாரி 1845-இல் தோண்டிக் கொண்டுவந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் சென்னையில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. புத்தருடைய பொறுமைக்கே சோதனை. ட்ரைப் அவற்றை 75 படங்களாக எடுத்தார். மறு வருஷமே சிற்பங்களைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போனபின் அருமையாகப் பார்த்துக்கொண்டார்களாக்கும் என்று நினைத்தால், எங்கே வைத்தோம் என்பதையே மறந்துபோனார்கள். 1867-இல் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை அறிஞர் ஃபைஃப் ஹவுஸின் வண்டிக் கொட்டகையில் அவற்றைத் தேடிப்பிடித்தார். சென்னையில் வெயிலிலாவது கிடந்தன.

1858 முடிவதற்குள் கும்பினியே செத்துப்போய் விக்டோரியா மகாராணி ஆட்சி வந்துவிட்டது. கேப்டன் கவலைப்படவில்லை. மதுரை, தஞ்சாவூர்-திருவையாறு, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, ராயக்கோட்டை என்று ஆல்பம் ஆல்பமாக வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் அவர் கைமேகங்களோடு. அடுத்த பயணத்துக்கும் திட்டம் இருந்தது. அப்போதுதான் 1859 மார்ச்சில் சார்லஸ் ட்ரெவெல்யன் கவர்னராக வந்து இறங்கினார்.

ட்ரெவெல்யன் யார் என்று அயர்லாந்துக்காரர்களைக் கேட்க வேண்டும். 1840-களில் அங்கே உருளைக்கிழங்கு அழுகி லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது, லண்டன் கஜானாவில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தை எண்ணி எண்ணிக் கொடுத்தவர். கஞ்சிக்கே கணக்குப் பார்த்தவர் போட்டோவுக்கு விடுவாரா? இதெல்லாம் ஆடம்பரம், கஜானா இருக்கிற நிலைமையில் கட்டுப்படியாகாது என்று எழுதிவிட்டார். 1860-க்குள் ட்ரைப் கடையைக் கட்டினார். ஆட்கள், மருந்து, காகிதம், தூரிகை எல்லாம் மூட்டை. மனுஷன் திரும்பப் பட்டாளத்துக்குப் போய் அணிவகுப்பு நடத்தினார். கேமராவை அநேகமாகத் தொடவே இல்லை. அந்தச் சிக்கனத் திலகமும் அதிக நாள் நீடிக்கவில்லை. கல்கத்தா புதிதாக வருமான வரி போடப் போகிறது என்றதும் அதை எதிர்த்துப் பகிரங்கமாகப் பத்திரிகையிலேயே வாதாடினார். மேலிடம் அதே 1860-இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மதராஸ் ராஜதானி அந்த ஒரே வருஷத்தில் போட்டோகிராபரையும் இழந்தது, கவர்னரையும் இழந்தது. (2014-இல் ட்ரைப் படங்களுக்கென்று வாஷிங்டனில் தனிக் கண்காட்சி வைத்தார்கள், பிறகு நியூயார்க், லண்டன். ட்ரெவெல்யனின் சிக்கனக் குறிப்புக்கு இதுவரை யாரும் கண்காட்சி வைக்கவில்லை.)

ஏழு வருஷம் போயிற்று. 1867-இல் சென்னை அரசாங்கத்துக்குத் திடீரென்று ஒரு புதிய யோசனை உதித்தது. தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் சிதிலமாவதற்குள் முறையாகப் படம்பிடித்து வைத்தால் என்ன? ஆள் தேடினார்கள். ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த லயன் என்பவர் அகப்பட்டார். அவரும் கேப்டன்தான், ஓய்வுபெற்றவர். ஊர்களை முடிவு செய்தார்கள்: மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர். ட்ரைப் அப்போதும் மதராஸ் பட்டாளத்துச் சம்பளத்தில்தான் இருந்தார். மதுரைக்கு ரயில் வர 1875 ஆகும். ஆகவே மறுபடியும் மாட்டுவண்டிதான்.